ஒருநாள் உரிமத்தை இணையக் கடைக்கும் தாருங்கள்

ஜப்பானிய அனிமே (அசைவூட்டத் தொடர்) தயாரிப்புக் குழுக்களுக்கும் மாங்கா (சித்திரக்கதை) பதிப்பகங்களுக்கும் வணக்கம்.

உங்கள் கதாபாத்திரங்களை வரைந்து ஸ்டிக்கரும் கீசெயினும் செய்து இணையத்தில் விற்க விரும்பும் இந்திய ரசிகர்களில் ஒருவன் நான். சலுகை கேட்கவில்லை, பணம் கட்ட வழி கேட்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம்தான். இந்தியாவும் ஜப்பானும் பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், உங்கள் படங்களுக்கு இங்கே பதிவு செய்யாமலேயே பதிப்புரிமை உண்டு. தெரிந்தே மீறினால் 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. சொந்தக் கையால் வரைந்தேன் என்பதோ, ‘ரசிகர் படைப்பு’ என்று அடியில் எழுதுவதோ, முப்பது சதவீதம் மாற்றினால் போதும் என்று எவரோ கிளப்பிவிட்ட கதையோ காப்பாற்றாது. தொடரின் பெயரைத் தலைப்பில் போட்டால் வணிகச்சின்னச் சிக்கல் தனியாக வரும். போடாவிட்டால் பொருள் யார் கண்ணிலும் படாது.

சரி, அனுமதி யாரிடம் கேட்பது? ஒரு தொடருக்குப் பின்னால் பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மை நிறுவனம், இசை நிறுவனம் என்று பலர் இருக்கிறார்கள். உரியவரைக் கண்டுபிடித்தாலும், விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை குறுக்கே நிற்கும். ஆயிரக்கணக்கில் அச்சடிப்பவருக்கு அது நியாயம். ஐம்பது கீசெயின் செய்பவர் என்ன செய்வார்? கேட்டுச் செய்ய நினைப்பவர் ஒதுங்கிவிடுகிறார். கேட்காதவர் கடை நடத்துகிறார், நீக்கினால் வேறு பெயரில் திறக்கிறார்.

விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிபாவின் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் உருவபொம்மைக் கண்காட்சியான வொண்டர் ஃபெஸ்டிவலில், கதாபாத்திரங்களைப் பொம்மையாக வடிக்கும் தொழில்முறை சாராத சிற்பிகள் முன்கூட்டியே மாதிரியைக் காட்டி, கட்டணம் கட்டி, அந்த அரங்கில் அன்று ஒருநாள் மட்டும் விற்கும் உரிமம் பெறுகிறார்கள். உருவம் பிடிக்காவிட்டால் நீங்கள் மறுக்கிறீர்கள். பல பத்தாண்டுகளாக இதனால் எந்தத் தொடரும் மூழ்கிவிடவில்லை. கணினிக் குரலில் பாடும் கதாபாத்திரமான ஹட்சுனே மிகுவின் உரிமையாளரான கிரிப்டன் நிறுவனமும், ரசிகர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது.

அந்த ஏற்பாட்டையே கொஞ்சம் நீட்டுங்கள். அரங்குக்குப் பதில் இணையக் கடை, ஒரு நாளுக்குப் பதில் மூன்று மாதம், எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, பொருளுக்குப் பொருள் எண்ணிட்ட முத்திரை. ராயல்டி விகிதத்தை நீங்களே சொல்லுங்கள். மறுப்பதானாலும் பதில் போடுங்கள். படிவம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்: அனிமே பார்த்துக் கற்ற ஜப்பானிய மொழியில் சண்டைக்கு அழைக்கலாமே தவிர, விண்ணப்பம் எழுத முடியாது.

இப்படிக்கு,
உரிமத்துக்குக் காத்திருக்கும் ஒரு ரசிகன்