பங்கில் இருக்கும் பெட்ரோலைப் போட்டதற்கு வாரண்டி இல்லையா?

திருக்கோவிலூர்,
14.10.2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 2021 மாடல் பைக்கின் ஃப்யூயல் பம்ப்புக்கு வாரண்டி மறுத்தது, ரூ.6,840 திருப்பிக் கேட்டல்

ஐயா,

2021 நவம்பரில் உங்கள் பைக்கை வாங்கினேன். தனியாகப் பணம் கட்டி வாரண்டியை ஐந்து வருடமாக நீட்டியிருக்கிறேன். அது முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வண்டி ஓடியது 31,000 கிலோமீட்டர்.

போன மாதம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது, மேட்டில் திணறியது. விழுப்புரம் சர்வீஸ் சென்டரில் டேங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ரப்பர் சீல் உப்பிப் பம்ப்பும் போய்விட்டது என்றார்கள். வாரண்டி இருக்கிறதே என்றேன். "சார், நீங்க இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், போட்டிருக்கீங்க. மேனுவல்ல எத்தனால் 10 சதவீதம் வரைக்கும்தான்னு போட்டிருக்கு. கம்பெனி ஏத்துக்காது" என்றார் சூப்பர்வைசர்.

மேனுவலில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த 10 சதவீதப் பெட்ரோல் எந்த பங்கில் கிடைக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. "வேணும்னா எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டுக்கோங்க" என்றார். விலை மிகவும் அதிகமான அந்தப் பெட்ரோலை எங்கள் பக்கத்து பங்குகளில் நான் பார்த்ததே இல்லை.

எத்தனாலுக்கு நான் எதிரியில்லை. எங்களுக்கே மூன்று ஏக்கர் கரும்பு இருக்கிறது. ஆலை எத்தனால் விற்றால் கரும்புப் பாக்கி சீக்கிரம் வரும் என்று காத்திருக்கிறவர் என் அப்பா. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் கப்பலில் வரும் நாட்டில் இந்தத் திட்டம் எதற்கு என்று எனக்குப் புரிகிறது. எத்தனாலுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆனது, டிஸ்டில்லரி கட்ட வட்டி மானியம் வந்தது. எத்தனால் கலப்பால் மைலேஜ் குறைவதை வரிச்சலுகையால் ஈடுகட்டச் சொன்ன 2021 நிதி ஆயோக் அறிக்கையின் பலன் மட்டும் வண்டி ஓட்டுகிறவனுக்கு வரவில்லை. அதை அரசிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது வேறு. 20 சதவீதக் கலப்பை 2025-க்குள் கொண்டுவரப்போவதாகச் சொன்ன அந்த அறிக்கை வெளியானது 2021 ஜூனில். எனக்கு வண்டி விற்றது அதற்கு ஐந்து மாதம் கழித்து. 2026 நவம்பர் வரை செல்லும் வாரண்டியை என்னிடம் விற்கும்போது, நடுவில் இ20 வரும் என்பது உங்களுக்குத் தெரியாதா? கவுண்டரில் ஒருவரும் வாய் திறக்கவில்லையே. இ20-யால் வாரண்டி போகாது என்று வாகன உற்பத்தியாளர்கள் சங்கமே இந்த ஆகஸ்டில் சொன்னது. அது விழுப்புரம் வரை வந்து சேரவில்லை போலிருக்கிறது.

பம்ப்புக்காக நான் கட்டிய ரூ.6,840-ஐத் திருப்பித் தர வேண்டும். என் மாடல் இ20 தாங்குமா, தாங்காதென்றால் எந்தெந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், அதற்கு யார் செலவு என்று எழுத்தில் தர வேண்டும். இப்போது போட்டிருக்கும் சீல் பழைய ரகமா, 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் போடும் இ20 ரகமா? பில்லில் வெறும் 'சீல் கிட்' என்றுதான் இருக்கிறது. பழைய ரகம் என்றால் அடுத்த வருடமும் இதே கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.

பில், மேனுவல் பக்கம், வாரண்டி அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். 15 நாட்களில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்