ஆண்டறிக்கை 2025: தாய்-சேய் உதவிக் குழு

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஹூஸ்டனின் கிழக்குப் பகுதியில், ஸ்பானிஷ் பேசும் கர்ப்பிணிகளுக்காக நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு நம் சங்கத்திலிருந்து ஆள் அனுப்பத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. நம் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கார் ஓட்டுவது, மூத்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, படிவம் நிரப்பும்போது பக்கத்தில் உட்காருவது, அவ்வளவுதான். பாடம் நடத்துபவர்கள் அந்தத் தெருக்களிலேயே குடியிருக்கும் பயிற்சி பெற்ற பெண்கள், 'ப்ரோமோத்தோரா' என்பார்கள். மருத்துவர் வரச்சொன்னால் தள்ளிப்போடுகிற பெண், எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டால் வந்துவிடுகிறாள்.

பலர் ஐந்தாம் ஆறாம் மாதத்தில்தான் வருகிறார்கள். காரணம் பெரும்பாலும் பயம். கருவிலிருக்கும் குழந்தைக்கான டெக்சஸ் அரசின் மருத்துவக் காப்பீடு 'சிப் பெரினேட்டல்'. அதில், வருமான வரம்புக்குள் இருந்தால், தாயின் குடியேற்ற நிலை தடையில்லை. பிரசவத்துக்கு முன் 20 பரிசோதனைகள் வரை கிடைக்கும். இதை ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு எனக்கு மறக்காதது மாவு வகுப்பு. மேசையில் இரண்டு பை சோள மாசா மாவு, அவர்கள் ரொட்டி சுடுவது. பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். ஒன்றில் ஃபோலிக் அமிலம், அதாவது குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக உருவாக உதவும் வைட்டமின், இருந்தது, மற்றதில் இல்லை. ஒரு இளம்பெண் இரண்டாவது பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கள் வீட்டில் எப்போதும் இதுதான்" என்றாள். செறிவூட்டிய கோதுமை மாவில் 1998 முதல் இது கட்டாயம். சோள மாசாவில் சேர்க்க 2016-ல்தான் அனுமதியே வந்தது, அதுவும் நிறுவனத்தின் விருப்பம். கலிபோர்னியா 2026 ஜனவரி முதல் கட்டாயமாக்கிவிட்டது. குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது முதல் சில வாரங்களில், தாய்க்குத் தெரியும் முன்பே. அதனால்தான் முன்கூட்டியே தினம் 400 மைக்ரோகிராம் என்கிறார்கள்.

'குவாரென்தேனா' பற்றிப் பேசியபோது நம்மவர்கள் சிரித்தேவிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் 40 நாள் ஓய்வு, கோழிச் சாறு, வயிற்றுக் கட்டு, குளிர்ச்சி ஆகாது. நம் பாட்டி சொல்லாத ஒன்று அதில் இல்லை. கண்ணேறுக்கு அவர்கள் சிவப்புக் கயிறு, நாம் மைப்பொட்டு. வகுப்பில் இவற்றை யாரும் குறை சொல்வதில்லை. 'கிரேத்தா', 'அசார்கோன்' பொடிகளை மட்டும் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். வயிற்று மந்தத்துக்குக் கொடுப்பது, கிட்டத்தட்ட முழுக்க ஈயம். ஊரிலிருந்து வரும் கண்மையிலும் ஈயம் இருக்கலாம் என்று அங்கேதான் கேட்டுக்கொண்டோம். வீட்டுக்கு வந்து என் பேத்தியின் மை டப்பாவைத் தூக்கிப் போட்டேன்.

தவறுகளும் உண்டு. மே 10 சனிக்கிழமை சிற்றுண்டியோடு காத்திருந்தோம், ஒருவரும் வரவில்லை. மெக்சிகோவில் அன்னையர் தினம் எந்தக் கிழமையானாலும் மே 10-தான். நாட்காட்டி பார்த்தது நான், தவறு என்னுடையது.

இன்னொன்று வருத்தமானது. ஒரு மருத்துவமனையில், அம்மாவின் ரத்தப்போக்கைப் பற்றி பள்ளிக்கூடச் சிறுமி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அவசரம் தவிர குழந்தைகளை இதற்குப் பயன்படுத்தக்கூடாது என்பது விதி. அங்கே மொழிபெயர்ப்பாளரைக் கேட்க நம் உறுப்பினருக்குத் துணிவு வரவில்லை. அப்புறம் 'மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் ஸ்பானிஷில் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். குழந்தைக் கார் இருக்கை தருபவர்கள், காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுத் தாருங்கள்.

செயலாளர்