படம் போட்டீர்கள், சரி. அறிவிப்பை எப்போது போடுவீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்ரோவின் ‘யுவிகா’ இளம் விஞ்ஞானி முகாமுக்குப் போய்வந்த மாணவியின் படத்தைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பார்த்தேன். மகிழ்ச்சி. அன்று மாலையே எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். “டீச்சர், நம்ம பையன் இந்த வருஷம் பத்தாவது. இதுக்கு எங்க பணம் கட்டணும்?” என்று கேட்டார். பணமே கட்ட வேண்டியதில்லை, ஆனால் இனி பையனால் விண்ணப்பிக்கவும் முடியாது என்று சொன்னபோது அவருக்கு இரண்டுமே நம்பும்படியாக இல்லை.

அவர் மீது தப்பில்லை. தங்கள் செய்தியில் மாணவியின் பெயர், பள்ளி, கலெக்டர் பொன்னாடை போர்த்தியது எல்லாம் இருந்தது. அந்த முகாமுக்கு எப்படிப் போவது என்பது மட்டும் இல்லை.

யுவிகா 2019இல் தொடங்கியது. முதல் வருடம் ஒரு மாநிலத்துக்கு மூன்று பேர்தான். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பில் படிப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். பிப்ரவரி கடைசியில் பதிவு திறந்து மார்ச்சில் மூடிவிடும். மே மாதம் இரண்டு வாரம் திருவனந்தபுரம், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா போன்ற இஸ்ரோ மையங்களில் தங்கிப் படிக்கலாம். செலவு இஸ்ரோவுடையது. ஒரு பிள்ளைக்குப் பள்ளி வாழ்க்கை முழுவதிலும் இந்த வாசல் திறந்திருப்பது அந்த நான்கு வாரம் மட்டும்தான். அந்த நான்கு வாரமும் முழு ஆண்டுத் தேர்வு நெருக்கத்தில் வருகிறது; ஆசிரியர்கள் பத்தாம் வகுப்பு சிறப்பு வகுப்பில் இருப்போம். சுற்றறிக்கை வாட்ஸ்அப் குழுவில் வராமல் இல்லை. எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித்துறை இணையதளம்) பதிவு, ஆதார் இணைப்பு, வங்கிக் கணக்கு விவரம் என்று வந்து விழும் நூறு செய்திகளுக்கு நடுவே அதுவும் ஒன்றாக வரும், அவ்வளவுதான்.

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சில ஆண்டுகளாக வரும் அறிவிப்புகளில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி, அதாவது 50. இணையவழி வினாடி வினாவுக்கு 10. அறிவியல் கண்காட்சியில் பள்ளி அளவில் கலந்துகொண்டால் 2, மாவட்ட அளவில் 5, மாநிலம் அதற்கு மேல் என்றால் 10. ஒலிம்பியாடுக்கும் விளையாட்டுக்கும் கொஞ்சம். சாரணர், என்சிசி, என்எஸ்எஸ் ஏதாவது ஒன்றில் இருந்தால் 5. (ஜேஆர்சி, அதாவது இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், அந்தப் பட்டியலில் இல்லை. எங்களைப் போல ஜேஆர்சி மட்டும் உள்ள பள்ளிகள் அந்த ஐந்தை மறந்துவிட வேண்டியதுதான்.) ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் 15.

அந்தப் பதினைந்தைக் கவனியுங்கள். மாநில அளவிலான கண்காட்சிக்குப் போனால் கிடைப்பதைவிட அது அதிகம். கிராமத்துப் பிள்ளை பேனாவைத் தொடும் முன்பே பதினைந்தை வைத்துக்கொண்டு ஓட்டத்தைத் தொடங்குகிறது. சலுகையை வடிவமைத்தவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். ஆனால் பாதி மதிப்பெண் எட்டாம் வகுப்பிலேயே முடிந்துபோன விஷயம். கண்காட்சிச் சான்றிதழும் அதற்குள் கையில் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு பிப்ரவரியில் சேதி தெரிந்து என்ன செய்ய? ஏழாம் வகுப்பிலேயே தெரிந்திருந்தால் அப்பா அம்மா அந்தச் சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வைப்பார்கள். போன வருடம் எங்கள் மாணவி ஒருத்தி விண்ணப்பித்தாள். மாவட்டக் கண்காட்சியில் நீர் ராக்கெட் விட்டுக் காட்டிய பிள்ளை. கலந்துகொண்டதற்குச் சான்றிதழ் எங்கே என்றால், பரிசு வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அச்சடித்தோம் என்று நடத்தியவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஒரு தாளில் போன ஐந்து மதிப்பெண் அது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். “நாசாவுக்குத் தேர்வான மாணவர்” என்று வருடத்துக்கு இரண்டு மூன்று செய்திகளாவது எல்லா நாளிதழ்களிலும் வருகின்றன. அதில் பல, பெற்றோர் லட்சக்கணக்கில் பணம் கட்டி ஒரு பயண ஏற்பாட்டாளர் மூலம் அனுப்பும் சுற்றுலா. ஃபுளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்துக்கு டிக்கெட் எடுத்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரில் நடக்கும் விண்வெளி முகாமும் கட்டணம் வாங்கி நடத்துவதுதான். போவதில் தவறே இல்லை. வசதி இருப்பவர்கள் தாராளமாகப் போகட்டும், பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம். ஆனால் அதைத் ‘தேர்வு’ என்று அச்சிடும்போது, படிக்கிற கூலிக்காரத் தகப்பன் நகையை அடகு வைக்கிறான். எங்கள் ஒன்றியத்திலேயே அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. செய்தியைப் போடும் முன் நிருபர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “பணம் யார் கட்டினது?”

காசில்லாமல் வீட்டிலிருந்தே செய்யக்கூடியதைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. உதாரணத்துக்குக் குறுங்கோள் (ஆஸ்டராய்டு) தேடல். அமெரிக்காவின் டெக்சஸில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பல ஆண்டுகளாக நடக்கும் பன்னாட்டுத் திட்டம் இது. கட்டணம் கிடையாது. ஹவாய்த் தீவுகளில் மலை உச்சியிலிருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை அனுப்புவார்கள். வானத்தின் ஒரே பகுதி, சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருளும் கிடைக்கும். நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். ஏதாவது ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டில், ஒரே வேகத்தில் நகர்ந்தால் அதைக் குறித்து அனுப்ப வேண்டும்.

என் பழைய விண்டோஸ் மடிக்கணினியில் பிள்ளைகள் இதைச் செய்தார்கள். முதலில் கண்ணில் பட்ட தூசி, கீறல் எல்லாவற்றையும் “டீச்சர், குறுங்கோள்!” என்று கத்தினார்கள். கொஞ்ச நாளில், “இது ரெண்டு படத்துலதான் டீச்சர் இருக்கு, மூணாவதுல காணோம், இது சத்தம்” என்று அவர்களே தள்ள ஆரம்பித்தார்கள். கருவி தரும் போலித் தடத்தைச் ‘சத்தம்’ என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அறிவியல் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தச் சந்தேகப்படும் புத்தியைச் சொல்லித்தர எனக்குப் பல வருடம் பிடிக்கும். புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவும் இல்லை.

பள்ளியைத் தேடி வாய்ப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆசாதிசாட் இருக்கிறது. சென்னையிலிருந்து இயங்கும் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகளைக் கொண்டு அந்தச் செயற்கைக்கோளுக்கான சிறு கருவிகளைச் செய்ய வைத்தது. நம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி ராக்கெட் சரியான சுற்றுப்பாதையில் விடாததால் அது வீணானது. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது ஆசாதிசாட் சரியாகப் போய்ச் சேர்ந்தது. முதல் தடவை பக்கம் பக்கமாக எழுதிய பத்திரிகைகள் இரண்டாம் தடவை ஓரத்தில் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டன. பிள்ளைகள் பார்க்க வேண்டிய செய்தி இரண்டாவதுதான் என்பது என் கட்சி.

ஆசிரியர்களுக்கும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. டேராடூனில் இருக்கும் இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பூமியை ஆராயக் கற்பிப்பது) கட்டணமில்லாத இணையவழி வகுப்புகள் நடத்துகிறது. நம் மாநிலத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய, அறிவியலையும் கணிதத்தையும் செய்துகாட்டிச் சொல்லித்தரும் வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் ஆறு முதல் எட்டு வகுப்பு வரையிலான பிள்ளைகளைத் தேடிப் பள்ளிக்கே வருகிறார்கள். யுவிகா சேதி சென்று சேர வேண்டிய வயது அதுதான். கல்வித்துறை அவர்கள் கையில் ஒரு பக்கத் தாளைக் கொடுத்தனுப்பினால் போதும்.

தங்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். மாணவர் இணைப்பில் அந்த வாரம் எப்படியும் ராக்கெட் படம் போடுவீர்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி, வரும் மாதங்களில் எந்தப் போட்டி, எந்த வகுப்புக்கு, விண்ணப்பம் எந்த மாதம், கட்டணம் உண்டா இல்லையா, எந்த இணையதளம் என்று தமிழில் போடுங்கள். ஜனவரியில் அதையே இன்னொரு தடவை போடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு தேதியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டத்தின் தலைப்பில் “ஏழாம், எட்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு” என்று கொட்டை எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.
(அரசுப் பணியில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)