விளக்கு எரிந்த பிறகு எத்தனை லிட்டர்? மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், மீட்டரை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், கையேடு எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு என் வண்டி வழியில் நின்றுவிட்டது. பின்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் விளக்கு எரிய ஆரம்பித்தபோது இன்னும் 38 கி.மீ. போகலாம் என்று மீட்டர் காட்டியது. பங்க் 20 கி.மீ. தூரம். சரி, போய்விடலாம் என்று நம்பினேன். எதிர்க்காற்று, போதாததற்கு மேடு. ஐந்தாறு கிலோமீட்டர் போவதற்குள் 38 என்பது 21 ஆகிவிட்டது. அடுத்த முறை குனிந்து பார்த்தபோது எண்ணே இல்லை, அந்த இடத்தில் மூன்று கோடுகள். அப்புறம் எவ்வளவு தூரம் ஓடும் என்று ஒவ்வொரு நொடியும் பயந்துகொண்டே ஓட்டினேன். கடைசி மூன்று கிலோமீட்டரை அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க, நான் வண்டியைத் தள்ளினேன்.

முன்கூட்டியே பெட்ரோல் போடாதது என் தப்புதான். ஆனால் அந்த மூன்று கோடுகளைப் பற்றி உங்களிடம் பேசியே ஆகவேண்டும்.

என் பழைய வண்டி கார்புரேட்டர் வண்டி. அதில் பெட்ரோல் மீட்டரே கிடையாது, காக் மட்டும்தான், அதாவது டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் ஒருமுறை திக்கும், இன்னொரு முறை திக்கும். இடது கை ஹேண்டில்பாரை விட்டுக் கீழே இறங்கி, கண் பார்க்காமலேயே காக்கை ரிசர்வுக்குத் திருப்பும். கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பும் வரை இரண்டு மூன்று நொடி முக்கிவிட்டு வண்டி பழையபடி இழுக்கும். ரிசர்வ் என்றால் தனி டேங்க் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே டேங்கில் இரண்டு வாய்கள்; ஒன்று உயரமான குழாயின் நுனியில், இன்னொன்று அடியில். பெட்ரோல் மட்டம் உயரக் குழாயின் நுனிக்குக் கீழே இறங்கினால் வண்டி திக்கும். அந்தக் குழாயின் உயரம் என்றைக்கும் மாறாது. அதனால் ரிசர்வின் அளவும் மாறாது.

ஒருமுறை அதை அளந்தே பார்த்தேன். ரிசர்வுக்கு வந்ததும் வீட்டுக்கு ஓட்டிவந்து, எஞ்சின் ஆறிய பிறகு வெட்டவெளியில் வைத்துக் குழாயைக் கழற்றி, அளவு குறித்த பாட்டிலில் வடித்தேன். 1 லிட்டர் 300 மில்லி வந்தது. காக் திருப்பிய இடத்திலிருந்து வீடு வரை ஓடியதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். அன்றிலிருந்து காக்கைத் திருப்பினால் 60 கி.மீ. நிச்சயம் என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் போட்டதும் காக்கைத் திரும்ப மேலே திருப்ப மறந்தால் அடுத்த முறை ரிசர்வே இருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் காக் என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை எஞ்சினுக்குப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வந்ததும் காக் போய்விட்டது. பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்து அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளும்போது இரண்டு வாய்க்கு வேலை இல்லை, அது புரிகிறது. அதற்குப் பதிலாக ஒரு மிதவை. அது ஏறி இறங்க, அதன் கை ஒரு மின்தடையின் மேல் நகர, அதைப் படித்து மீட்டர் கட்டங்களைக் காட்டுகிறது. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் டேங்க் குதிரைச் சேணம் போலச் சட்டத்தின் மேல் கவிந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே அகலம், கீழே இரண்டு பக்கமும் ஒடுங்கிய இரண்டு கால்கள். மிதவை பார்ப்பதோ ஓர் இடத்து மட்டத்தை. அதனால்தான் முதல் கட்டம் குறைய நாள்கணக்காகிறது, கடைசி இரண்டு கட்டங்கள் மடமடவென்று விழுகின்றன. சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் ஓர் அளவு, நிமிர்த்தினால் இன்னோர் அளவு. இறக்கத்தில் ஒன்று, ஏற்றத்தில் ஒன்று.

இந்த மிதவையின் கணக்கை எடுத்து, கொஞ்ச நேரத்துக்கு முன் வண்டி கொடுத்த மைலேஜால் பெருக்கித்தான் 38 கி.மீ. என்று காட்டுகிறீர்கள். முன்னால் என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது. வேகம் 60-லிருந்து 90 ஆனால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது. டயரில் காற்று குறைந்தாலும் மைலேஜ் குறையும், பின்னால் ஆள் ஏறினாலும் குறையும், எத்தனால் கூடுதலாகக் கலந்த பெட்ரோலைப் போட்டாலும் குறையும். ஆக அந்த 38 வெறும் ஊகம். ஆனால் ஓடிய தூரம் காட்டும் எண் எந்த எழுத்தில் இருக்கிறதோ, அதே எழுத்தில், அதே அளவில், அதே உறுதியோடு இதுவும் நிற்கிறது. ஓட்டுகிறவன் இரண்டையும் ஒரே மாதிரி நம்பத்தானே செய்வான்?

அந்த எண்ணைக் கடைசியில் ஏன் மறைக்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. அடிமட்டத்தில் மிதவையை நம்ப முடியாது, 5 கி.மீ. என்று காட்டியதை நம்பி யாராவது நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் வம்பு. நியாயமான பயம். அப்படியானால் ஊகத்தை எடுத்துவிட்டு, அளந்த ஒன்றை அங்கே வையுங்கள். விளக்கு எரிந்த இடத்திலிருந்து ஓடிய கிலோமீட்டரைக் காட்டுங்கள். யமஹாவின் சில வண்டிகளில் பெட்ரோல் குறைந்ததும் தனி டிரிப் மீட்டர் ஒன்று தானாகவே பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. அதுதான் பழைய காக்குக்குச் சரியான வாரிசு. இது எல்லா வண்டியிலும் ஏன் இல்லை?

இன்னொன்று. இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினியான உங்கள் ஈ.சி.யூ.வுக்குத் தெரியும். தெரிவதால்தான் மைலேஜையே காட்ட முடிகிறது. கடைசியாக டேங்க் நிரப்பியதிலிருந்து எத்தனை லிட்டர் செலவானது என்று அதையே கூட்டிக் காட்டினால், மீதியை நாங்கள் கழித்துக்கொள்வோம்.

இப்போதும் நாங்கள் அந்தக் கணக்கைத்தான் கையால் போடுகிறோம். வண்டியை நிமிர்த்தி வைத்து டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவது, அடுத்த முறை அதே மட்டத்துக்கு நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுப்பது. நாலைந்து முறை செய்தால் எண் ஒன்று கிடைக்கும். நான் சராசரியை எடுப்பதில்லை, இருப்பதிலேயே குறைந்ததை எடுக்கிறேன். என் வண்டியில் அது 41. டேங்க் 12 லிட்டர். ஆனால் அந்தப் 12 லிட்டரில் பம்ப் இழுக்கக்கூடியது எவ்வளவு, அடியில் தங்கிவிடுவது எவ்வளவு? கையேட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். விளக்கு எரிந்தால் 'விரைவில் எரிபொருள் நிரப்பவும்' என்று மட்டும் இருக்கிறது. விரைவில் என்றால் 10 கிலோமீட்டரா, 50 கிலோமீட்டரா? அதே கையேடு வேறொரு பக்கத்தில், டேங்கை வற்றவிட்டால் பம்ப் கெடும் என்று எச்சரிக்கிறது. பெட்ரோல்தான் பம்பைக் குளிர வைக்கிறது என்பதால் எச்சரிக்கை சரிதான். எப்போது வற்றும் என்று சொல்லாமல் வற்றவிடாதே என்றால் நாங்கள் என்ன செய்வது?

மீட்டரை மாற்றக் காலம் ஆகும், செலவும் ஆகும். கையேட்டில் ஒரு வரி சேர்க்க ஆகாது. 'விளக்கு எரியத் தொடங்கும்போது பம்ப் இழுக்கக்கூடிய பெட்ரோல் இத்தனை லிட்டர்.' அந்த எண்ணை உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே அளந்திருப்பீர்கள். அளக்காமல் விளக்கை எந்த மட்டத்தில் எரியவைப்பது என்று முடிவு செய்திருக்க முடியாது. அதை அடுத்த பதிப்பில் அச்சிடுங்கள். முடிந்தால் டேங்க் மூடியின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள், பெட்ரோல் போடும்போதெல்லாம் கண்ணில் படட்டும்.

இப்படிக்கு,
தினமும் வண்டி ஓட்டும் ஒருவன்