அடிச்சிராத மாப்ள, மொதல்ல டைய சூடாக்கு

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன், பின்னாடி பிரஸ் ஓடற சத்தத்துல பாதி காதுலயே விழல. நீ பிரஸ்ல வளைச்ச அடுக்குத் தகட்டோட போட்டோவ பாத்ததும் விஷயம் புரிஞ்சிருச்சு. வளைச்ச எடத்துல அலுமினியத்துல ஒரு கீறல்கூட இல்ல, ஆனா ஓரம் மட்டும் மழையில நனஞ்ச நோட்டு மாதிரி விரிஞ்சு நிக்குது. இன்னும் வேகமா அடிச்சா சரியாயிருமான்னு கேக்கற. அடிச்சிராதடா சாமி, மிச்சம் இருக்கற நாலு பீஸும் போயிரும்.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கச்சி சொன்னா, சந்தோஷம். எனக்கு அதே லேப், அதே மெஷின், முடிதான் பாதி கொட்டிருச்சு.

சரி தகட்டுக்கு வரேன். நீ இத்தன வருஷமா வளைச்சது ஒத்தத் தகடு. இது அலுமினியம், நடுவுல கண்ணாடி நார், நாரப் புடிச்சு வைக்க பாலிப்ரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக், மறுபடி அலுமினியம்னு அடுக்கி ஒட்டினது. ஏர்பஸ் ஏ380 மேல்பக்கத்துல போட்டாங்களே கிளேர்னு, நெதர்லாந்து டெல்ஃப்ட் யுனிவர்சிட்டில உருவானது, அதுக்கு இது சித்தப்பா பையன்னு வச்சுக்க. கிளேர்ல ஒட்டு எபாக்சிங்கற பிசின், 120 டிகிரில வேகவச்சு எடுப்பாங்க, ஒருதடவ வெந்துட்டா அப்பறம் உருகாது. உன்னோட பிளாஸ்டிக் 165 டிகிரி கிட்ட உருகும், அதனாலதான் சூடாக்கி பிரஸ் பண்ணிக்கலாம்னு சொல்லி உன் தலைல கட்டியிருக்காங்க.

வளையும்போது என்ன ஆகுதுன்னா, அலுமினியம் நல்லா இழுபடும், கண்ணாடி நார் 4, 5 சதவீதத்துலயே அறுந்துரும். அப்ப ரெண்டும் சேந்து வளையணும்னா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி நகரணும். சீட்டுக்கட்ட எடுத்து வளைச்சுப் பாரு, ஓரத்துல சீட்டெல்லாம் படிப்படியா நிக்கும்ல, அதேதான். நகர விடறதா வேண்டாமான்னு முடிவு பண்றது நடுவுல இருக்கற பிளாஸ்டிக்.

அதோட கொணம் உனக்குத் தெரிஞ்சதுதான். ஸ்கூல் கேட்டுல மூங்கில் கம்புல ஜவ்வு மிட்டாய சுத்தி வச்சிருப்பாரே, அவரு நிதானமா இழுத்தா மொழம் மொழமா வரும், கைல வாட்ச் கட்டி விடுவாரு, நீ பொறுமையில்லாம வெடுக்குனு புடுங்கினா அறுந்துரும். மார்கழி காலைல அவரே இழுத்தாலும் வராது. குளிரும் வேகமும் அதுக்கு ஒண்ணு, சூடும் நிதானமும் ஒண்ணு. இது மண்டைல ஏற எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் டெம்பரேச்சருக்கு ஒரு டேபிள், ஸ்பீடுக்கு ஒரு டேபிள்னு தனித்தனியா போட்டுட்டு ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலயேன்னு முழிச்சிட்டு இருந்தேன். நீ கம்மி சூட்டுல வேகமாவும் அடிச்சிருக்க, ரெண்டு பக்கமும் இறுக்கினா அது எங்க வழுக்கும், ஒட்டு விட்டுருச்சு.

மத்த ரெண்டு பேரு கதை வேற. அலுமினியம் சாதா சூட்டுல வேகத்தப் பெருசா கண்டுக்காது. கண்ணாடி நார வேகமா இழுத்தா பலம் கூடும், ஏ380 வால்பக்கத்து முன் விளிம்புல பறவை மோதினா தாங்கட்டும்னு கிளேர் போட்டதுக்கு அதுவும் ஒரு காரணம். இங்க அந்த வேகத்த டெஸ்ட் பண்ண ஹாப்கின்சன் பார் வச்சிருக்கோம், காத்தழுத்தத்துல ஒரு ராட விட்டு இன்னொரு ராட அடிப்போம், அடி ஒரு மில்லிசெகண்டுகூட நிக்காது, அதுக்குள்ள உலோகம் நசுங்கற சூடு வெளிய போக நேரமில்லாம உள்ளயே தங்கி அதையே இளக்கிரும். உன் பிரஸ் அவ்ளோ வேகம் இல்ல, பயப்படாத.

உன் பிரச்சன வேற எடத்துலன்னு நெனைக்கறேன். சூடாக்கற ஓவன்ல இருந்து எடுத்து டைல, அதான் பிரஸ்ல தகட்ட வளைக்கற அச்சுல, வைக்கறதுக்குள்ள தகடு எவ்ளோ ஆறுதுன்னு பாத்தியா? போன வருஷம் எனக்கு இதே கூத்து. ஓவன்ல 170 டிகிரி காட்டுச்சு, கையில எடுத்து நடந்து வர்ற வரைக்கும் பரவால்ல, பச்சத்தண்ணி மாதிரி கெடந்த டைல பட்டதும் மளமளன்னு எறங்கிருச்சு, மெல்லிசு தகடுல்ல, சூட்டப் புடிச்சு வைக்க அதுகிட்ட என்ன இருக்கு. ஆறிரும்னு பயந்து வேகமா மூடினேன், பிரிஞ்சுது. பிரியுதேன்னு மெதுவா மூடினேன், அதுக்குள்ள ஆறி மடிப்பு மடிப்பா சுருங்குச்சு. கடைசில டையையே சூடாக்கி மெதுவா எறக்கினப்பதான் ஒழுங்கா வந்துச்சு. வந்ததும் ஆசப்பட்டு ஒடனே எடுத்துராத, உள்ள இன்னும் பாகாதான் இருக்கும், ஆறி இறுகற வரைக்கும் அழுத்தியே வை.

நாலுல ஒண்ண மட்டும் எடு. ஓரத்துல சூட்ட அளக்கற தெர்மோகப்புள் ஒயர் ஒண்ண ஒட்டிக்க, ஓவன் டிஸ்ப்ளேவ நம்பாத, டை மூடற நேரத்துல தகடு எத்தன டிகிரின்னு எழுதி அனுப்பு. மத்த மூணையும் அதுவரைக்கும் தொடாத, உன் பையன்கிட்டயும் சொல்லி வை.

உன் கடைசி பெஞ்சுக்காரன்