எந்த ரைகிராஸ் என்று சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையில் மாடு வளர்ப்பவர்கள் ரைகிராஸ் புல் விதைக்கலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழனி மலைத்தொடரின் மேல்பகுதியில், கொடைக்கானல் வட்டத்து மன்னவனூர்ப் பக்கம், இரண்டரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும் போட்டு ஐந்து கலப்பினப் பசுக்களை வைத்திருப்பவன் நான். கட்டுரையின் அடிப்படை சரிதான். எங்கள் வரப்பிலும் ரோட்டோரத்திலும் தானாகப் படர்ந்து கிடக்கும் கிக்குயூ புல் மார்கழி உறைபனியில் கருகிப்போகும். அந்த நேரத்தில் பச்சையாக நிற்பது ரைகிராஸ்தான். ஆனால் எந்த ரைகிராஸ் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. அதைக் கேட்காமல் விதை வாங்கி ஒரு வருடத்தை இழந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கேட்டது மேய்ச்சலுக்குப் பல வருடம் நிற்கும் புல். கடைக்காரர் கொடுத்த பையில் 'ரைகிராஸ்' என்ற பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. முளைப்பு பிரமாதம். இரண்டு மாதத்தில் முழங்காலுக்கு மேல் வளர்ந்து நின்றது. ஊரே வந்து பார்த்தது. சில மாதத்தில் கதிர் தள்ளியது, கோடையில் தூரோடு செத்துப்போனது. அது இத்தாலிய வகையைச் சேர்ந்த ஓராண்டுப் புல் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் புல்லின் மேல் தவறில்லை. அறுத்துப் போட அதைவிட வேகமான புல் இந்தக் குளிரில் கிடைக்காது. விதைத்த 50, 60 நாளில் முதல் அறுப்பு, பிறகு மாதத்துக்கு ஒன்று. பல வருடம் நிற்கும் வகை வேறு. அது மெதுவாகத்தான் எழும். ஆனால் அடர்த்தியாகத் தூர் கட்டும், மாட்டின் கால்மிதியைத் தாங்கும். அதற்கும் வேர் மேலோட்டம்தான் என்பதால் பங்குனி சித்திரையில் தண்ணீர் காட்ட முடியாத மேட்டு நிலத்தில் அதை நம்ப வேண்டாம்.

இதற்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. இரட்டை மடி (டிப்ளாய்டு), நான்கு மடி (டெட்ராப்ளாய்டு) என்பார்கள். புல்லின் செல்லில் குரோமோசோம் தொகுதி இரண்டா, நான்கா என்பதுதான் கணக்கு. இரட்டை மடிப் புல்லில் குரோமோசோம் 14, நான்கு மடியில் 28. மாட்டுக்காரன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: நான்கு மடிப் புல்லுக்கு இலை அகலம், இனிப்பு கூடுதல், மாடு ஆசையாகத் தின்னும், அதே அளவுக்குத் தண்ணீரும் கூடுதல். பச்சையாக அறுத்துப் போடுபவருக்கு அது வரம். உலர்த்தி வைக்க நினைப்பவருக்குக் கஷ்டம். 100 கிலோ பச்சைப் புல்லில் உலர்பொருள், அதாவது தண்ணீர் முழுதும் போக மிஞ்சுவது, 18 கிலோ இருந்தால், நன்றாகக் காய்ந்த புல் அதில் தங்கும் கொஞ்ச ஈரத்தோடு 21 கிலோ தேறும். தண்ணீர் கூடி உலர்பொருள் 14 கிலோதான் இருந்தால் பதினாறரை கிலோ. அறுக்கிற கூலி இரண்டுக்கும் ஒன்றே. காயவைக்கிற நாளும் தண்ணீர் கூடிய புல்லுக்கே அதிகம் பிடிக்கும். எங்கள் ஊரில் வெயில் என்பது எண்ணிக் கொடுத்த காசு.

ஆகவே விதையைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்த மாதம் காயப்போடுவோம் என்று யோசிக்க வேண்டும். ஆனி ஆடியில் சாரலும் மூடுபனியும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. தையும் மாசியும்தான் புல் காயவைக்க உகந்தவை. இப்போது நான் புரட்டாசியில் இரட்டை மடி இத்தாலியப் புல்லை விதைக்கிறேன். முதல் அறுப்பு மழையில் வரும், அதை அப்படியே பச்சையாகப் போட்டுவிடுவேன். அடுத்த அறுப்பைத் தையில், கதிர் வெளியே தலைகாட்டும் தருவாயில் எடுப்பேன். பூத்த பிறகு அறுத்தால் தண்டு நார்பட்டு, சத்துப் போய், வைக்கோலுக்குச் சமமாகிவிடும். காலைப் பனி வற்றிய பிறகே அறுக்க வேண்டும். ஈரத் தரையில் பரப்பாமல் சீகை (வாட்டில்) மரக் கம்பால் பந்தல் மாதிரி கட்டி அதன்மேல் உதறிப் போடுகிறேன். தண்டை நகத்தால் சுரண்டினால் ஈரம் கசியக் கூடாது, முறுக்கினால் ஒடிய வேண்டும். அதற்கு முன்னால் போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். என் போரில் அப்படித்தான் ஒரு வருடம் பூசணம் பிடித்தது. போரைப் பிரித்தபோது வெள்ளையாகப் புகை மாதிரி தூசு கிளம்பியது. மாடுகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அந்த வருடமும் கீழ்நாட்டிலிருந்து லாரியில் வரும் வைக்கோலைத்தான் சொன்ன விலைக்கு வாங்கினேன்.

மேய்ச்சலுக்கு விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு தூரிலும் மூன்று புது இலை வந்த பிறகே மாட்டை இறக்குங்கள். நான்கு விரல்கடை உயரம் மிச்சம் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். அடிவரை மேயவிட்டால் மறுபடி தழைக்க அதனிடம் சேமிப்பு இருக்காது. பூண்டுக் காட்டில் இறைத்த பழக்கத்தில் இதற்கும் யூரியாவை அள்ளி வீசிவிட்டு, மப்பும் மந்தாரமுமான நாட்களில் மேயவிடுவதும் ஆபத்து. இலையில் நைட்ரேட் ஏறி மாட்டைச் சாய்த்துவிடும்.

அதைவிட முக்கியமானது, புல்தரைக்கென்று விற்கும் ரைகிராஸ் விதை. கொடைக்கானலில் தங்கும் விடுதிகளுக்கும் பங்களாக்களுக்கும் புல்தரை போடும் வேலை நிறைய நடக்கிறது. மிஞ்சிய விதை மலிவாகக் கைக்கு வருகிறது. அதை மாட்டுக்கு விதைக்காதீர்கள். பூச்சி அண்டாமல் இருக்க, புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சை உள்ள ரகங்களாகவே அவற்றில் பல இருக்கின்றன. அந்தப் பூஞ்சையின் நஞ்சு மாட்டுக்குத் தலையாட்டமும் தள்ளாட்டமும் கொடுக்கும். மிரண்டு ஓடினால் கால் பின்னி விழும். தீவன விதை என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

சோலையை ஒட்டிய புல்வெளிகளில் இதைத் தூவலாமே என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டார். வேண்டவே வேண்டாம். வெளியூர்ச் சீகை மரத்தைக் கொண்டுவந்து நட்டதில் நம் புல்வெளிகள் எவ்வளவு போயின என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரைகிராஸ் உழுத காட்டுக்குள், வேலிக்குள் இருக்கட்டும். வேலி எப்படியும் தேவை. இரவில் காட்டுமாடு முதலில் இறங்குவது இந்தப் புல்லில்தான்.

தங்கள் இதழ் மூலமாக ஒரு வேண்டுகோள். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் எங்கள் மன்னவனூரிலேயே இருக்கிறது. கால்நடைத் துறையும் அந்த மையமும் சேர்ந்து ஓராண்டு வகை, பல்லாண்டு வகை, இரண்டிலும் இரட்டை மடி, நான்கு மடி என நான்கு பாத்தி போட்டு, புரட்டாசி முதல் ஆவணி வரை விவசாயிகள் வந்து பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒவ்வொரு அறுப்பிலும் பச்சை எடை, காய்ந்த எடை இரண்டையும் பலகையில் எழுதிப் போட வேண்டும். விதைப் பையில் வகையும் ரகமும் தமிழில் அச்சிட்டிருக்க வேண்டும். அடுத்த விதைப்பு புரட்டாசியில். அதற்குள் பாத்தியாவது தயாரானால், இந்தப் பருவம் முழுக்க எங்கள் ஊரார் நேரில் பார்த்துவிட்டு, அதற்கடுத்த விதைப்புக்குத் தெரிந்து விதை வாங்கலாம்.

இப்படிக்கு,
பால் மாடு வளர்க்கும் விவசாயி,
மன்னவனூர், கொடைக்கானல் வட்டம்.