மடிக்கணினியோடு இலக்கணப் பாடமும் வேண்டும்

ஆசிரியருக்கு,

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரும் தமிழக அரசின் 2025-26 பட்ஜெட் அறிவிப்பு பற்றிப் படித்தேன். நல்ல முடிவு. ஆனால் ஆங்கில இலக்கணப் பயிற்சிச் செயலிகள் பலவும் சரி, தவறு என்று சொல்வதோடு நின்றுவிடுவதால், ஏன் தவறு என்றே தெரியாமல் மாணவர்கள் பச்சை நிறம் வரும்வரை விடையை மாற்றி மாற்றி அழுத்துகிறார்கள். என் வகுப்பில் அப்படி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளே மறுநாள் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று எழுதினார்கள். ‘நேற்று’ என்று காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஐ சா’ தான் வரும் என்று தமிழில் விளக்கியதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

இப்படித் தமிழில் விளக்கும் குறுங்காணொளிகளை அரசுக் கல்லூரி ஆசிரியர்களைக் கொண்டே தயாரித்து, இணையம் இல்லாமலும் ஓடும்படி அந்தக் கணினிகளில் ஏற்றித் தரலாம். அப்புறம், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மாணவர் சொந்தமாக ஒரு பத்தி எழுத இடம் இருக்க வேண்டும்.

– ஆங்கில விரிவுரையாளர், விழுப்புரம்